காற்றைப் பிடித்து உரமாக்கிய எஃகுக் குழாய்

வயலில் தூவும் யூரியாவில் உள்ள நைட்ரஜன் காற்றிலிருந்து வந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்றாலும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் பயிரால் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பா சிலி நாட்டிலிருந்து வந்த வெடியுப்பை உரமாக நம்பியிருந்தது. அது போதாமல் போனால் கோதுமைப் பஞ்சம் வரும் என்று 1898-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனையே உரமாக்க வழி கண்டார். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் உரத்துக்கு அடிப்படையான அம்மோனியா. ஆனால் சூடேற்றினால் கிடைக்கும் அம்மோனியா குறைகிறது. சூடு குறைந்தால் வினை நகர்வதே இல்லை. அதனால் காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு வரை அழுத்தம் கொடுத்து, வினையூக்கியின் மேல் வாயுக்களைச் செலுத்தி, சேராமல் மிஞ்சியதைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். 1909 ஜூலையில் திரவ அம்மோனியா சொட்டியது.

சொட்டை டன்னாக்கும் பொறுப்பு பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் கார்ல் போஷுக்கு வந்தது. அவருடைய சோதனைக் குழாய்கள் சில நாட்களிலேயே வெடித்தன. சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலு தரும் கார்பனை அரித்தெடுத்துக்கொண்டிருந்தது. போஷ் குழாயை இரண்டு அடுக்காக்கினார். உள்ளே கார்பன் குறைந்த மென்மையான இரும்பு; வெளியே அழுத்தத்தைத் தாங்கும் எஃகு. உள் அடுக்கைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் தங்காமல் வெளியேற, எஃகில் சிறு துளைகள் போட்டார். அதே நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, ஹேபர் பயன்படுத்திய அரிதான ஆஸ்மியத்துக்குப் பதில் மலிவான இரும்பு வினையூக்கியைக் கண்டுபிடித்தார். 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓப்பாவில் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது.

அடுத்த ஆண்டே உலகப் போர் வந்தது. அதே அம்மோனியா நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்துக்குப் போனது. ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும், போஷுக்கு 1931-இல் அதே பரிசும் கிடைத்தன.

இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இந்த முறையில் கிடைக்கும் நைட்ரஜனை நம்பியிருக்கிறது. ஆனால் ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுப்பதால், உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேல் இத்தொழிலைச் சேர்ந்தது. சூரிய, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் முயற்சிகளுக்கு நாம் துணைநிற்க வேண்டும். அதுவரை, பயிர் கேட்கும் அளவுக்கு மேல் ஒரு பிடி யூரியாகூடப் போடாதிருப்பதே நம்மால் உடனே செய்யக்கூடியது.