பிசாநத்தம்: பொன்மேல் அமைந்த சிற்றூர்

தங்கச் சுரங்கம் எங்கே உள்ளது என்று கேட்டால், கோலாரில் என்று பள்ளிச் சிறுவனும் விடை சொல்வான். ஆனால் கோலாரின் பொன் நிலம் மாநில எல்லைக் கல்லோடு நின்றுவிடவில்லை. தெற்கே நீண்டு நம் சித்தூர் மாவட்டத்துக்குள்ளும் வந்து கிடக்கிறது. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? திருப்பதிக்குப் படிக்க வந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்னும் நான் அறியேன். வகுப்புத் தோழன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்குத் தன் வீட்டுக்கு அழைத்தான். அப்போதுதான் அந்த ஊரின் பெயரே என் காதில் விழுந்தது.

அந்தப் பயணமே ஒரு வேடிக்கை. திருப்பதியில் வண்டி ஏறினால் பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி வருகிறது. ஆந்திரம் முடிந்து தமிழ்நாடு. சோலையார்ப்பேட்டையில் வேறு வண்டி மாறி மேட்டு நிலம் ஏறினால் குப்பம். மீண்டும் ஆந்திரம். அடுத்து குடுபல்லி, அதற்கடுத்து பிசாநத்தம். இன்னும் ஒரு நிலையம் போனால் காமசமுத்திரம், அது கருநாடகம். மூன்று மாநிலங்கள் தோளோடு தோள் உரசும் இடம் இது. விரைவு வண்டிகள் பிசாநத்தத்தில் நிற்பதில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் நாள்தோறும் செல்வோர் ஆயிரக்கணக்கானவர். அவர்களுக்கு இவ்வூர் சன்னலில் தோன்றி மறையும் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

ஊரார் வீட்டிலே பேசுவது பெரும்பாலும் தமிழ் கலந்த தெலுங்கு, அல்லது தெலுங்கு கலந்த தமிழ். கோலார்ப் பக்கம் போனால் கன்னடமும் வரும். வியப்பொன்றும் இல்லை. குப்பத்தைச் சூழ்ந்த இந்நிலம் முன்னாளில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்த கங்குந்தி சமீன். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடுகள் இடம் மாறின. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நான்கு திராவிட மொழிகளுக்கும் பொதுவான திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் 1997-இல் நிறுவியது எவ்வளவு பொருத்தம் என்பது இங்கே வந்தால்தான் விளங்கும்.

கேழ்வரகு, நிலக்கடலை, தக்காளி, பட்டுப்புழுவுக்கு மல்பெரி, இவைதாம் வயலில் காண்பவை. மழையை நம்பிய வாழ்வு. போதாக்குறைக்கு யானைகள் வேறு. சுமார் இருநூறு ஆண்டுகள் ஆந்திரத்தில் காட்டு யானையே இல்லை என்பர். 1980-களில் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்து யானைகள் இப்பக்கம் வந்தன. அவற்றுக்கென 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆயினும், கதிர் முற்றும் காலத்தில் வேலிக்கு இப்பால் சரணாலயம், அப்பால் வயல் என்று யானைக்கு யார் சொல்வது?

இனிப் பொன்னைப் பற்றிச் சொல்கிறேன். கோலார்ப் பாறைப் பட்டை என்று நிலவியலார் கூறுவது வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம் கொண்டது; அகலமோ சில கிலோமீட்டர்தான். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிக் கரும்பச்சைப் பாறையாயிற்று. அதன் வெடிப்புகளில் பொன் படிந்தது. பட்டையின் நடுவே கோலார்ச் சுரங்கங்கள் அமைந்தன. தென் பகுதியில் பிசாநத்தம், சிகர்குண்டா, மல்லப்பகொண்டா ஆகியவை உள்ளன.

கோலாரின் கதை பெரிது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தொழில் தொடங்கியது. அந்தச் சுரங்கங்களுக்காகவே 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாகச் சென்று 3 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் உழைத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன். அந்தப் பெருங்கதையின் ஓரத்தில் எழுதிய சிறு குறிப்புத்தான் நம் சித்தூர்ச் சுரங்கம். மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கோலாரோடு இதையும் நடத்தியது. 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டும் மூடப்பட்டன.

தோழனின் தந்தையார் அங்கே பாறை துளைக்கும் வேலை செய்தவர். மாலையில் திண்ணையில் அமர்ந்து அவரிடம் கேட்டேன்: “ஐயா, பொன் எப்படி மின்னும்?”

அவர் சிரித்தார். “தம்பி, இத்தனை வருசம் கீழே இருந்தேன், கல்லைத்தான் பார்த்தேன், பொன்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. உங்கள் அம்மாவின் காதில் இருப்பதைத்தான் நானும் பார்த்திருக்கிறேன்.”

பிறகு விளக்கினார். கேஜில் இறங்குவார்கள். பாறையில் துளையிட்டு மருந்து வைப்பார்கள். வெடித்த புகை அடங்கும்வரை காத்திருப்பார்கள். பின் கல்லை வாரி மேலே அனுப்புவார்கள். அந்தக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். எஞ்சிய மாவு மேடாகக் குவியும். கோலாரில் அத்தகைய சயனைடு மேடுகள் குன்றுகள்போல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

எவ்வளவு கல்லுக்கு எவ்வளவு பொன்? இங்கே இன்னும் சுமார் 18 லட்சம் டன் தாது இருப்பதாகவும், டன்னுக்குச் சுமார் 5 கிராம் பொன் கிடைக்கும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பவுன் என்பது 8 கிராம். எனவே ஒரு பவுனுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் பாறையை உடைக்க வேண்டும். மணப்பெண் கழுத்தில் பத்துப் பவுன் சங்கிலி கிடந்தால், பதினாறு டன் கல் அவள் கழுத்தில் கிடப்பதாகக் கொள்க.

பொன் இருக்கும்போதே ஏன் மூடினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மூடிய காலத்தில் உலகச் சந்தையில் பொன்னின் விலை மிகத் தாழ்ந்திருந்தது. ஒரு டன் கல்லை வெட்டி, ஏற்றி, அரைக்கும் செலவு, அதிலிருந்து கிடைக்கும் பொன்னின் விலையை விஞ்சியது. அன்றிலிருந்து விலை பத்து மடங்கைத் தாண்டி உயர்ந்துவிட்டது. அன்று வெறுங்கல் என்று விட்டுப்போனது இன்று தாது ஆகிவிட்டது. கல் மாறவில்லை, கணக்கு மாறியது. தாது என்பது மண்ணின் தன்மை மட்டுமன்று, சந்தையின் தன்மையும் ஆகும் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

2018-இல் ஆந்திர அரசு இச்சுரங்க நிலத்தை ஏலம் விட்டது. தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம் ஏலத்தில் வென்றது. அதுமுதல் ஊரில் ஒரே பேச்சு: சுரங்கம் திறக்கப் போகிறது! தோழனின் தம்பி ஐ.டி.ஐ. படித்து முடித்தவன். பெங்களூரில் வேலை கிடைத்தும் போக மறுத்தான். “சுரங்கம் திறந்தால் வீட்டிலிருந்தே போய்வரலாமே” என்பது அவன் வாதம். தந்தை அதற்கு உடன்படவில்லை. “நான் கீழே போனபோது கையாலே வேலை, இனிமேல் எந்திரம்தான் வேலை செய்யும். நூறு பேர் இருந்த இடத்தில் பத்துப் பேர் போதும். அந்தப் பத்தில் நீ ஒருவன் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?” என்றார். தாயாருக்கோ வேறு கவலை. சுரங்கம் தோண்டினால் அடியில் ஊறும் நீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். தம் கேழ்வரகுக் கொல்லைக் கிணறு என்ன ஆகுமோ என்றார்.

எனக்கு அம்மூவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது. சுரங்கம் வருக, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் வருவதற்கு முன்பே அவ்வூராருக்குச் சில செய்திகள் தெளிவாகத் தெரிய வேண்டும். எத்தனை பேருக்கு வேலை? அதற்கு என்ன படிப்பு? கிணறுகளின் நீர்மட்டத்தை யார் அளப்பார்? சயனைடு கலந்த மண்ணை எங்கே கொட்டுவர்? இவற்றை அவர்கள் அறியும் மொழியில், அது தமிழோ தெலுங்கோ, சொல்லுதல் வேண்டும். இருமொழி கற்ற நம் போன்ற மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பணி வேறுண்டோ?

மூன்றாம் நாள் விடியற்காலையில் நிலையத்துக்கு வந்தேன். பெங்களூர் செல்லும் பாசஞ்சர் வண்டிக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு பலர் காத்திருந்தனர். அவர்களிடையே தோழனின் தம்பியும் நின்றான். “சுரங்கம் திறக்கட்டும் அண்ணா, அப்போது வந்துவிடுகிறேன்” என்றான். தந்தையார் ஒன்றும் பேசாமல் அவன் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

அவன் வண்டி மேற்கே போயிற்று; என் வண்டி கிழக்கே வந்தது. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது, அன்பர்களே, பிசாநத்தம் என்ற பலகை தோன்றினால் சற்றே தலை நீட்டிப் பாருங்கள்.