தொட்டுக்க என்ன இருக்கு?

மேன்ஷன்வாசியாக இருந்த காலத்தில் நான் சாப்பிட்ட மெஸ்ஸில் சோறு எவ்வளவு கேட்டாலும் போடுவார்கள். குழம்புக் கரண்டி மட்டும் ஒருமுறைதான் வரும். ‘அண்ணே, குழம்பு!’ என்று கத்தினால், பரிமாறுகிறவர் சுவரைப் பார்த்தபடி போய்விடுவார். எதிரே மலை மாதிரி சோறு, தொண்டையில் இறங்காது.

அலாஸ்கா கடற்கரையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கும் இதே அவஸ்தை!

1989 மார்ச் 24. ‘எக்ஸான் வால்டீஸ்’ கப்பல் பாறைத்திட்டில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கரையெங்கும் கறுப்புப் பிசுக்கு. வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். பாறையில் ஒட்டியிருந்த சிப்பியும் நத்தையும் சேர்ந்து வெந்து போயின.

எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் கடலிலேயே உண்டு. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டாம். ஆனால் எண்ணெய் என்பது வெறும் சோறு: கார்பன், ஹைட்ரஜன். அவை பெருக நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். அதாவது, குழம்பு!

சரி, ஊற்றுவோம் என்று கிளம்பினார்கள். நம்ம வயலில் போடுகிற யூரியாதான். சும்மா தூவினால் அலை அடித்துக்கொண்டு போய்விடுமே? அதனால் ஓலிக் அமிலத்தோடு கலந்து, எண்ணெயில் ஒட்டிக்கொள்கிற மாதிரி தெளித்தார்கள். கூடவே மெதுவாகக் கரையும் குருணை உரம். இரண்டு, மூன்று வாரத்தில் உரம் போட்ட பாறைகள் மட்டும் பளிச்!

பிரச்னை தீர்ந்தது என்று எழுந்துவிடாதீர்கள். உரம் அதிகமானால் பாசி மண்டும்; அம்மோனியா மீனுக்கு ஆகாது. தவிர, பாக்டீரியாவுக்குக் காற்றும் வேணும். 2001-ல் அதே கரைகளில் குழி தோண்டினால், காற்றுப் புகாத அடிமண்ணில் பல இடங்களில் எண்ணெய் அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து!

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது, எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். ‘விஞ்ஞான யுகத்தில் வாளியா?’ என்று ஆபீஸில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது வெட்கமாக இருக்கிறது. கெட்டியாகக் கிடக்கும் எண்ணெய்க்குள் காற்றும் போகாது, உரமும் போகாது. முதலில் அள்ளித்தான் ஆகவேண்டும், மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்னால். மிச்சம் மீதிக்குத்தான் பாக்டீரியா.

பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும், இலைக்கு வராத சோற்றை யார் சாப்பிட முடியும், சொல்லுங்கள்?