அழியாத கணிப்பான்

பள்ளிக்கு அருகே ஓங்கி வளர்ந்த புளியமரத்தின் உயரத்தை, அதில் ஏறாமலே அறிய பென்னாகரத்து மாணவி ஒருத்தி விரும்புகிறாள் எனக் கொள்க. மரத்தடியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று உச்சியை நோக்குகிறாள். அவளுடைய பார்வைக்கோடு கிடைக்கோட்டோடு 35 பாகைக் கோணம் அமைக்கிறது. அக்கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பை 20-ஆல் பெருக்கி, தரையிலிருந்து கண்ணின் உயரமாகிய 1.5 மீட்டரைக் கூட்டினால் மரத்தின் உயரம் கிடைக்கும். அம்மதிப்பை எங்ஙனம் அறிவது?

முற்காலத்தார் அதற்கு மடக்கை அட்டவணை நூல்களைப் புரட்டினர்; பொறியியலார் ஸ்லைடு ரூல் என்னும் கணக்குச் சட்டத்தைக் கையாண்டனர். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூலெட்-பக்கார்டு நிறுவனம் எச்.பி.-35 என்னும் கையடக்க அறிவியல் கணிப்பானை வெளியிட்டது. 35 விசைகளைக் கொண்டமையால் அஃது அப்பெயர் பெற்றது. அன்று அதன் விலை 395 டாலர்.

அக்கருவியில் எண்களை முதலில் இட்டு, செய்யவேண்டிய செயலை இறுதியில் அழுத்துதல் வேண்டும். தமிழ்த் தொடரில் வினைச்சொல் இறுதியில் நிற்பதை இஃது ஒத்திருக்கிறது அன்றோ! 35, டேன், 20, பெருக்கல், 1.5, கூட்டல் என்று வரிசையாக அழுத்தினால், ஏறத்தாழ 15.5 மீட்டர் என்னும் விடை தோன்றும். அடைப்புக்குறியும் சமக்குறியும் வேண்டுவதில்லை.

காலப்போக்கில் இத்தகைய கருவிகளின் விசைகள் தேய்ந்தன; மின்கலங்கள் பழுதுற்றன. ஆயினும் அவற்றின் கணக்கிடும் முறை அழியவில்லை. கருவியின் நினைவகத்தில் பதிந்திருந்த கட்டளைகளைத் திறன்பேசியில் அவ்வாறே இயக்கிக் காட்டும் செயலிகள் இன்று உள்ளன. இவை எமுலேட்டர் எனப்படும். ஒருமுறை பதிவிறக்கி அமைத்துவிட்டால், அலைத்தொடர்பு இல்லாத மலைச்சரிவிலும் இவை பணிபுரியும். ஃபிரீ42 போன்ற வேறு சில செயலிகள், பழைய கருவியின் தோற்றத்தையும் நடையையும் பின்பற்றினும், கட்டளைகளைப் புதிதாக எழுதிக்கொண்டவை.

இவ்வேறுபாடு சிறிதன்று. முதலில் வெளிவந்த எச்.பி.-35 கருவிகளில் ஒரு பிழை இருந்தது. 2.02 என்னும் எண்ணுக்கு இயல்மடக்கை கண்டு, அதனை மீண்டும் எதிர்மடக்கையாக மாற்றினால், 2.02 வருவதற்கு மாறாக 2 வந்தது. அம்முதற் கட்டளைகளை இயக்கும் எமுலேட்டரும் அதே பிழையைச் செய்யும். உண்மையான நகல் குணத்தோடு குற்றத்தையும் காட்டுவதே முறை.

பிழை கருவியிடம் மட்டும் இருப்பதன்று. கோணத்தைப் பாகையில் அளந்துவிட்டு, செயலியை ரேடியன் அளவையில் வைத்திருந்தால் 15.5 மீட்டர் மரம் 11 மீட்டராகச் சுருங்கிவிடும். அவ்விடையும் பார்வைக்குப் பொருத்தமாகவே தோன்றும், இதுவே பெருந்தீங்கு. ஆனால், 45 பாகையின் டேன்ஜெண்ட் 1 என்பதை அறிந்த மாணவி, முதலில் அதனை அழுத்திப் பார்ப்பாள். 1 வாராவிடின் அளவை தவறு என்று உடனே உணர்வாள்.

கருவிகள் மாறும், பழையன புதிய உருவில் மீண்டும் வரும். எக்கருவியாயினும் அது தரும் விடையை ஆராய்ந்து ஏற்கும் கடமை மனிதனுடையதே ஆகும்.