சமையலறையைப் புதுப்பித்தால் போட்ட பணம் திரும்புமா?

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்து மாணவர்களில் பலர் திருநீர்மலைக்குப் போயிருப்பீர்கள். மலைமேல் அரங்கநாதர்; அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள். தரிசிக்க வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்று தல வரலாறு கூறுகிறது. இன்று படியேறி நின்று கீழே நோக்கினால் நீரைவிட மொட்டைமாடிகளே அதிகமாகக் கண்ணில் படுகின்றன. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது திருநீர்மலையும் அதில் சேர்ந்துவிட்டது.

இந்த மாடிகளின்கீழ் உள்ள வீடுகளில் பல, கட்டி இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஆனவை. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வீட்டில் சமையலறையை இடித்துப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். அப்போது இரண்டு பேச்சுகள் காதில் விழும். ஒன்று, "எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும்." மற்றொன்று, "இதைப் போட்டால் கரண்டும் கேஸும் மிச்சம், அரசாங்க மானியமும் உண்டு." இவற்றில் எவ்வளவு உண்மை? வெப்பவியல் பாடம் படித்த உயர்நிலைப்பள்ளி மாணவர் யாராலும் இதைக் கணக்கிட்டுப் பார்க்க முடியும். வாருங்கள், நாமே போட்டுப் பார்ப்போம்.

முதலில் செலவு. எட்டு அடிக்குப் பத்து அடி அளவுள்ள ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். கீழே தருபவை மாதிரித் தொகைகளே. உங்கள் தெருவில் கொத்தனார் சொல்லும் தொகையை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பழைய மேடையை இடித்து இடிசலை அப்புறப்படுத்த ரூ. 15,000. குழாய் வேலைக்கு ரூ. 20,000, மின்கம்பி வேலைக்கு ரூ. 15,000. தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ், கூலி உட்பட ரூ. 45,000. கிரானைட் மேடைக்கு ரூ. 20,000. அலமாரிகளுக்கு ரூ. 1,20,000. அடுப்புக்கும் சிம்னிக்கும் ரூ. 20,000. வண்ணப் பூச்சுக்கு ரூ. 10,000. கூட்டினால் ரூ. 2,65,000 வருகிறது.

இதில் அலமாரி மட்டுமே ஏறத்தாழப் பாதியை விழுங்கிவிட்டதைக் கவனித்தீர்களா? இன்னொன்றும் உண்டு. சுவரை உடைத்த பிறகுதான் உள்ளேயிருக்கும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருப்பதும், பழைய கம்பியின் உறை உதிர்வதும் தெரியவரும். இவற்றை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. அப்படியானால் நம் கணக்கு ரூ. 2,91,500. "ஒரு லட்சத்துக்குள்" என்ற பேச்சு எங்கே போயிற்று, பாருங்கள்!

கிரானைட்டுக்கும் அலமாரிக்கும் எந்த அரசும் மானியம் தருவதில்லை. அவை எரிபொருளையும் மிச்சப்படுத்துவதில்லை. அம்மாவுக்கு நின்று வேலை செய்ய வசதி, துடைக்க எளிது, கண்ணுக்கு அழகு. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செலவு திரும்பி வரும் பணம் அல்ல. திரும்பி வரக்கூடிய பணம் முழுவதும் வெப்பத்தில்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 1 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நம் ஊர்க் குழாய்நீர் 30 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், அதைக் கொதிக்கவைக்க 70 கிலோ கலோரி போதும். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. ஆனால் அத்தனையும் பாத்திரத்துக்குள் போவதில்லை. ஒரு பகுதி பக்கவாட்டில் காற்றோடு போய்விடுகிறது. நல்ல எரிவாயு அடுப்பின் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். ஆக, ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க அடுப்பில் 103 கிலோ கலோரி எரிக்க வேண்டும். அது ஏறத்தாழ 9.4 கிராம் எரிவாயு. 14.2 கிலோ சிலிண்டர் ரூ. 870 என்று வைத்துக்கொண்டால் இதற்கு ஆகும் செலவு 57 காசு.

இப்போது இண்டக்ஷன் அடுப்புக்கு வருவோம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். இந்த அடுப்பில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாவதால் வீணாகும் வெப்பம் குறைவு; திறன் 85 சதவீதம் எனலாம். அதே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 யூனிட் செலவாகும். யூனிட் ரூ. 5 என்றால் 50 காசுக்குள் முடிந்துவிடும், எரிவாயுவைவிட மலிவு. யூனிட் ரூ. 9 என்றால் 85 காசுக்கு மேல் ஆகும், எரிவாயுவே மலிவு. ஒரே அடுப்பு, ஒரே நீர். ஒரு வீட்டில் லாபம், பக்கத்து வீட்டில் நட்டம்!

இது எப்படி? தமிழ்நாட்டில் மின்கட்டணம் படிக்கட்டைப் போல ஏறுவதுதான் காரணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைக் கணக்கெடுக்கிறார்கள். குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு யூனிட் விலை குறைவு. பயன்பாடு கூடக் கூட மேற்படியில் உள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை கூடும். 2022-ல் மாற்றியமைத்த கட்டணத்தில், 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப்படியிலும் ஒரு பகுதிக்கு விலை உயர்ந்தது. ஆகவே புதிதாக ஒரு மின்கருவி வாங்கும்போது கடைசிப் படியின் விலையைத்தான் பார்க்க வேண்டும். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி இங்கே உதவாது. புதிதாகச் சேர்வதும், மிச்சம் பிடித்தால் முதலில் குறைவதும் அந்தக் கடைசிப் படியிலுள்ள யூனிட்டுகளே அல்லவா?

காசே செலவில்லாத ஒரு மிச்சத்தையும் பார்த்துவிடுவோம். நீர் கொதித்தபின் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. அரிசியும் பருப்பும் சீக்கிரம் வேகப்போவதில்லை; நீர்தான் ஆவியாகும். ஒரு லிட்டர் கொதிநீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். அதாவது கொதிக்கவைக்கத் தேவைப்பட்டதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். மூடாத சாம்பாரில் கால் லிட்டர் ஆவியாகப் போனால், இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அதனுடன் போய்விட்டது என்று பொருள். கொதி வந்ததும் மூடியைப் போட்டு அடுப்பைத் தணித்துவிட்டால் இந்த இழப்பு பெருமளவு குறையும். பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் இரு மடங்காவதால் நீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. அங்கே மட்டும்தான் கூடுதல் வெப்பநிலை கிடைக்கும். விசில் வந்தபிறகும் பெரிய தீயில் வைத்திருப்பது மறுபடியும் நீராவிக்குச் செலவு செய்வதே.

அடுப்பை மாற்றுவதால் என்ன கிடைக்கும்? ஆண்டுக்கு 9 சிலிண்டர் செலவழிக்கும் வீடு ரூ. 7,830 கொடுக்கிறது. பர்னர் அடைத்துக்கொண்டு திறன் 60 சதவீதமாக இறங்கிய பழைய அடுப்புக்குப் பதிலாக 68 சதவீத அடுப்பு வாங்கினால் சுமார் 12 சதவீதம் மிச்சம், ஆண்டுக்கு ரூ. 920. அடுப்பின் விலை ரூ. 3,000 என்றால் மூன்றேகால் ஆண்டில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். இதை மீட்புக் காலம் என்பார்கள். ஆனால் பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்தால், அந்த மிச்சத்தில் பெரும்பகுதி சில ரூபாயிலேயே கிடைக்கக்கூடும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கிறதென்றால், கடைக்குப் போகுமுன் முதலில் அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மானியத்தின் கதை என்ன? அது நம் நாட்டில் புதிதல்ல. ஹைதராபாதைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்து, அதைப்பற்றி எழுதிய சிறு நூல் 1953-ல் நம் சென்னையில்தான் வெளியாயிற்று. முப்பது ஆண்டு கழித்து, 1983-ல், மத்திய அரசு மேம்படுத்திய அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி, செலவின் பெரும்பங்கை மானியமாகக் கொடுத்தது. கோடிக்கணக்கான அடுப்புகள் கட்டப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு வீட்டில் அப்படி எரிந்ததா? பல வீடுகளில் இல்லை. வாயின் அகலம் சற்று மாறினாலும் திறன் விழுந்தது. புகைக்குழாயில் கரி அடைத்தபோது சுத்தம் செய்ய ஆள் வரவில்லை. வீட்டுப் பெரிய பானை அதில் உட்காரவில்லை. மானியத்தில் வந்த அடுப்பு உடைந்ததும், சொந்தக் காசில் இன்னொன்று கட்டிக்கொண்டவர்கள் குறைவு. 2002-ல் திட்டம் நிறுத்தப்பட்டது.

அதன் நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. திருநீர்மலைக்கு அருகே போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் சமையலறைக் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளந்து 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகடுப்பில் சமைக்கும் பெண்கள், எரிவாயு வீட்டாரைவிட இரு மடங்குக்கும் மேலான துகள்களைச் சுவாசித்து வந்தது தெரியவந்தது. தமிழக அரசு 2006-க்கும் 2011-க்கும் இடையே ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கியதற்கும், 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்ததற்கும் இந்தப் புகையே வலுவான காரணம். அவற்றிலும் ஒரு சிக்கல் எழுந்தது. இணைப்பு கிடைத்தது, இரண்டாவது சிலிண்டருக்குக் காசு? அது இல்லாத வீட்டில் விறகு மறுபடி எரிந்தது. பின்னர் உஜ்வலா வீடுகளுக்குச் சிலிண்டருக்கு இவ்வளவு என்று மானியம் சேர்க்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது ரூ. 300 ஆயிற்று.

இப்போது திருநீர்மலை மாடிகளில் நீலப் பலகைகள் ஒன்றிரண்டு தென்படுகின்றன. அவை சூரிய மின்பலகைகள். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ. 78,000 என மானியம் வகுத்தார்கள். சென்னை வெயிலில் 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட்.

இரண்டு வீடுகளை ஒப்பிடுவோம். முதல் வீடு இரண்டு மாதத்துக்கு ரூ. 700 மின்கட்டணம் கட்டுகிறது. 1 கிலோவாட் அமைப்பு ரூ. 70,000 என்று கொள்வோம். மானியம் போகக் கைக்காசு ரூ. 40,000. கட்டணம் முழுவதும் மிச்சமானாலும் ஆண்டுக்கு ரூ. 4,200தான். மீட்புக் காலம் ஏறத்தாழப் பத்து ஆண்டு. இரண்டாவது வீட்டில் இரண்டு குளிர்பதனக் கருவிகள், கட்டணம் ரூ. 5,000. 3 கிலோவாட் அமைப்பு ரூ. 1,80,000, மானியம் போக ரூ. 1,02,000. கட்டணத்தில் ரூ. 4,500 குறைந்தால் ஆண்டுக்கு ரூ. 27,000. நான்கே ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடுகிறது! ஆக, அதிகம் செலவழிப்பவருக்கே மானியம் அதிகம் உதவுகிறது. இது சரிதானா என்று வகுப்பில் ஒரு விவாதமே நடத்தலாம். எனக்கு இது கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

மற்றொரு விவரத்தை விற்பவர் பெரும்பாலும் மெதுவாகத்தான் சொல்வார். பலகையைப் பொருத்தி, அதிகாரிகள் பார்வையிட்டு, மின்னோட்டம் இணைந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையும் வீட்டார் கையிலிருந்தோ கடனிலிருந்தோ வர வேண்டும். கடனென்றால் வட்டியையும் செலவில் சேருங்கள். வாடகை வீட்டுக்காரருக்கு மாடி சொந்தமில்லை. பக்கத்து வீட்டு மாடியோ தென்னையோ நிழல் விழுத்தினால் 4 யூனிட் கணக்கு பொய்த்துவிடும்.

சமையலறையை எப்படியும் இடிக்கத்தான் போகிறார்கள் என்றால், அந்த நேரத்தில் கூலியில்லாமல் கிடைப்பவை சில உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கு அடுப்பிலிருந்து தள்ளி, மாலை வெயில் அடிக்காத சுவரோரம் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியே தள்ளும் கருவி அது. சுற்றுப்புறம் சூடாக இருந்தால் அதிக நேரம் ஓடும். பின்புறம் காற்றோட்டத்துக்கு நாலு விரல் இடைவெளியும் வேண்டும். சிம்னியின் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போக வேண்டும். காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். ஆனால் வெப்பத்தையும் நீராவியையும் வெளியேற்றாது. அந்தத் துளையை டைல்ஸ் ஒட்டுமுன்பே போட்டுவிட வேண்டும். பின்னால் போட்டால் இரண்டு கூலி.

கடைசியாக, நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை. வீட்டில் மின்மீட்டரும் இண்டக்ஷன் அடுப்பும் இருந்தால் போதும். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள மற்றக் கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியையும் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவையுங்கள். அம்மா அடுப்பைக் கவனிக்கட்டும். நீங்கள் மீட்டரைத் தொடாமல், எட்ட நின்று மின்னல்களை எண்ணுங்கள். நம் கணக்குப்படி சுமார் 300 வர வேண்டும். முதல் முறை மூடியுடன், மறுமுறை மூடியில்லாமல் செய்து, இரண்டு எண்களையும் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறித்து வைக்கும் அதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.