பழைய லான்சர் கார்களின் எரிபொருள் உட்செலுத்தல் பாகங்கள்

லான்சர் என்பது இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியுடன் இணைந்து திருவள்ளூர் அருகிலுள்ள ஆலையில் தயாரித்த கார் ஆகும். 1998இல் விற்பனைக்கு வந்தது. இந்தக் காரின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பின்னர் அதே ஆலையில் இசுசூ, சித்ரோவன் வண்டிகள் தயாராயின. ஆனால் லான்சர்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் உரிமையாளர்களுக்கு உள்ள பெரிய சிக்கல், பழுதாகும் உட்செலுத்தல் பாகங்களுக்கு மாற்றுக் கிடைக்காமல் போவதே.

அமைப்பு

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்தது. அதை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சுத்தம் செய்துவிடுவார். லான்சரின் 1.5 லிட்டர் 4ஜி15 பெட்ரோல் எஞ்சினில் அந்த வேலையைப் பல பாகங்கள் பகிர்ந்து செய்கின்றன. டாங்கியில் உள்ள மின் பம்ப் பெட்ரோலை அழுத்தத்துடன் அனுப்பும். அழுத்த சீராக்கி அதை நிலையாக வைக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இன்ஜெக்டர் அதைத் தூவும். எவ்வளவு நேரம் தூவ வேண்டும் என்பதை, சென்சார்கள் தரும் தகவலைக் கொண்டு ஈசியு எனப்படும் கணினி முடிவு செய்யும். இந்தச் சங்கிலியில் ஒன்று கெட்டாலும் வண்டி திணறும் அல்லது நின்றுவிடும்.

பழுதுக்கான காரணங்கள்

இன்ஜெக்டரின் நுண்துளைகளில் பிசின் போன்ற படிவு சேரும். நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் வண்டியில் இது அதிகம். ரப்பர் வளையங்களும் குழாய்களும் வயதாகி விறைத்து வெடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பரை விரைவில் கெடுக்கும். இந்தியாவில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியுள்ளதால் இது முக்கியமானது. ஈசியுவில் உள்ள மின்தேக்கிகள் காலப்போக்கில் கசிந்து, மின்பலகையை அரிக்கும்.

பாகம் வாங்கும் முன்

கிடைக்காத பாகத்தைத் தேடி அலையும் முன், அது உண்மையில் கெட்டதா என உறுதிசெய்ய வேண்டும். பாட்டரி மின்னழுத்தம், எர்த் இணைப்பு, ரிலே, எரிபொருள் ஃபில்டர், காற்றுக் கசிவு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அழுத்தமானி கொண்டு பம்பைச் சோதிக்கலாம். இவ்வகை எஞ்சின்களில் அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும். அழுத்தம் சரியாக இருந்தால் பம்பை மாற்றுவது வீண் செலவு. இன்ஜெக்டர் சுருளின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்க்கலாம்.

மாற்று வழிகள்

அடைத்த இன்ஜெக்டரை மீயொலிக் கருவியில் சுத்தம் செய்து, புதிய ரப்பர் வளையம் போட்டாலே பெரும்பாலும் போதும். பம்பைப் பொறுத்தவரை, அதே அழுத்தமும் ஓட்டமும் உள்ள வேறு காரின் பம்பை வைக்கலாம். பாகத்தின் மேல் உள்ள எண்ணே இங்கு வழிகாட்டி. ஒரே எண் கொண்ட பாகம் பல கார்களில் பயன்பட்டிருக்கும். மலேசியாவின் புரோட்டான் வீரா 1.5 காரிலும் 4ஜி15 எஞ்சினே இருந்ததால், அங்கு கிடைக்கும் பாகங்களில் சில இதற்கும் பொருந்தும். இணைப்பு முனையும் இன்ஜெக்டரின் ஓட்ட அளவும் ஒத்திருப்பதை மட்டும் சரிபார்க்க வேண்டும். சென்னையில் புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கும், ஜெனரல் பாட்டர்ஸ் சாலை புதிய பாகங்களுக்கும் பெயர் பெற்றவை.

ஈசியுவில் கசிந்த மின்தேக்கிகளை, அரிப்பு பரவும் முன் மாற்றினால் அதைக் காப்பாற்றலாம். முற்றிலும் கெட்டால், மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈசியுவைப் பொருத்துவோர் உண்டு. ஆனால் அதை எஞ்சினுக்கேற்ப அமைக்கத் தேர்ந்தவர் தேவை. சிலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் புகை அளவு கூடும். பாரத் நிலை 2, 3 வகைப் பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 விழுக்காடு, கார்புரேட்டரால் அதற்குள் நிற்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவும் உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 15 ஆண்டுகள் முடிந்த தனியார் காரின் பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், மலிவான வழி பின்னர் தகுதிச் சோதனையில் காரையே இழக்கச் செய்யலாம்.

பாதுகாப்பு

அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் குழாயை நேரடியாகக் கழற்றக் கூடாது. பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் அழுத்தம் குறையும். பிறகு பாட்டரியைத் துண்டித்து, எஞ்சின் ஆறியபின் வேலை தொடங்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கான சாதாரண ரப்பர் குழாய் இந்த அழுத்தத்தைத் தாங்காது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரக் குழாயும் அதற்குரிய கிளிப்புமே ஏற்றவை. சூடான எஞ்சின் மேல் கசியும் பெட்ரோல் நொடியில் தீப்பற்றும். ஆகவே பழைய காரில் முதலில் மாற்ற வேண்டியது, விலை மிகக் குறைவானதும் எளிதில் கிடைப்பதுமான இந்தக் குழாய்களையே.