பதின்மூன்று எண்ணச் சொன்ன மீசைக்காரர்

காரமடை அரங்கநாதர் கோயிலில் மாசி மகத் தேர் ஓடி முடிந்த பிறகும் ஊர் ஓய்வதில்லை. தண்ணீர்ச் சேவை இருக்கிறது, பந்தச் சேவை இருக்கிறது. தாசர்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடும்போது தப்பட்டையின் அடி ஓரிடத்தில் நெருங்கும், இன்னோரிடத்தில் விலகும். ஆடுகிறவர் யாரும் நின்று எண்ணுவதில்லை. கால் தானாகப் போய்ச் சரியான இடத்தில் விழுகிறது.

தாளம் என்றால் நாலு நாலாக எண்ணுவது என்று நினைக்காத காது இது. அமெரிக்க ராக் இசையின் பெரிய கிறுக்கர் என்று பேர் வாங்கிய ஃபிராங்க் ஜாப்பாவைப் பற்றி இந்தக் காதையும் ஒரு வார்த்தை கேட்கலாம். அவர் மேதையா, கோமாளியா என்று மேற்கில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்கு நடக்கிறது. தமிழ்நாட்டுச் சாட்சி ஒருவர் அந்த வழக்கில் உண்டு. அவரை அதிகம் பேர் விசாரிக்கவில்லை.

முதலில் பிரதிவாதி. 1940இல் பால்டிமோரில் பிறந்து, 1993 டிசம்பர் 4ஆம் தேதி புராஸ்டேட் புற்றுநோயில் 52 வயதில் இறந்தவர் ஜாப்பா. அதற்குள் வெளிவந்த இசைத்தட்டுகள் அறுபதுக்கு மேல். அவருடைய கிறுக்கை அமெரிக்கா பார்த்தது 1963இல். ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு, மீசையில்லாத, கோட்டுப் போட்ட இளைஞராகச் சைக்கிள்களோடு வந்தார். ஆரக்கம்பியை மீட்டினார், ஹேண்டில்பாரை ஊதினார். அரங்கம் சிரித்தது. மானாமதுரைப் பானையை மடியில் வைத்துக்கொண்டு கச்சேரி செய்கிற நாட்டுக்கு அதில் சிரிக்க அதிகம் இல்லை. சைக்கிளில் சுருதி நிற்குமா என்றுதான் நம்மவர்கள் கேட்டிருப்பார்கள்.

மூன்று வருஷம் கழித்து, ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவோடு ‘ஃப்ரீக் அவுட்!’ என்ற இரட்டை இசைத்தட்டு வந்தது. காதல் பாட்டைக் கேலி செய்யும் காதல் பாட்டு, கூச்சல், சிரிப்பு, இடையில் திடீரென்று கச்சிதமான நவீன மேற்கத்திய இசை. மேலைநாட்டு ராக் நட்சத்திரம் என்றதும் மனதில் வருகிற போதைப் பழக்கம் அவரிடம் இல்லை. காப்பியும் சிகரெட்டும்தான். மகளுக்கு மூன் யூனிட், மகனுக்கு ட்வீஸில் என்று பெயர் வைத்த இந்த மனிதர் ஒத்திகையில் பழைய காலத்துப் பாட்டு வாத்தியாரைப் போல் கறாரானவர்.

அவரை மேதை என்பவர்களுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பதினைந்தாவது பிறந்தநாளுக்கு அம்மா ஐந்து டாலர் தருகிறேன் என்றபோது, பணம் வேண்டாம், நியூயார்க்குக்கு ஒரு டெலிபோன் போட்டுக் கொடு போதும் என்றாராம் ஜாப்பா. பேச விரும்பியது எட்கார் வரேஸோடு. சைரன் சத்தத்தையும் இசையில் சேர்த்த அந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் அன்று ஊரில் இல்லை. அவர் மனைவிதான் பேசினார். அந்தப் பையன்தான் 1983இல் தன் சொந்தக் காசைக் கொட்டி லண்டன் சிம்பொனி இசைக்குழுவைத் தன் படைப்புகளை வாசிக்க வைத்தான். அடுத்த வருஷம் பியர் பூலே போன்ற கண்டிப்பான நடத்துநரே அவர் படைப்புகளை நடத்திப் பதிவு செய்தார். 1986இல் வந்த ‘ஜாஸ் ஃப்ரம் ஹெல்’ பெரும்பாலும் சின்கிளேவியர் என்ற கணினிக் கருவியிலேயே செய்தது. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

எதிர்க்கட்சியிடம் இருக்கும் ஆதாரம் இன்னும் எளிது: பாட்டு வரிகள். பெண்களைக் கொச்சைப்படுத்தும் வரிகளை அவர் வருஷக்கணக்கில் எழுதினார். 1979இல் ‘ஷேக் யெர்பூட்டி’ இசைத்தட்டில் யூதப் பெண்களைக் கிண்டல் செய்த பாட்டுக்கு யூத அமைப்பு ஒன்று கண்டனம் தெரிவித்தது. ஜாப்பா மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார். அது நையாண்டி, சமூகத்தைக் காட்டும் கண்ணாடி என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சில பாட்டுகளுக்கு அது பொருந்தும். பல பாட்டுகளில் வகுப்பின் கடைசி பெஞ்சில் நடக்கும் கிசுகிசுச் சிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்தப் புள்ளியில் எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது என்றே சொல்லலாம்.

தாளத்துக்கு வந்தால் வழக்கு வேறு பக்கம் திரும்பும்.

‘த பிளாக் பேஜ்’ என்று அவருடைய உருப்படி ஒன்று இருக்கிறது. தாள் கறுத்துப்போகும் அளவுக்கு ஸ்வரக் குறிகள் நெருக்கியடித்ததால் அந்தப் பெயர். டிரம்ஸ் வாசித்த டெரி போஸியோவுக்காக எழுதியது. 1976 கடைசியில் நியூயார்க் மேடையில் பதிவானது. மேற்கத்திய விமர்சகர்கள் இதை மலையேற்றம் போல வர்ணிப்பார்கள். மிருதங்கமோ கடமோ கற்றவருக்கு இது நடை மாற்றம். ஓர் எண்ணிக்கைக்குள் மூன்று, ஐந்து, பதினொன்று என்று அடைப்பது. கையில் வருவது கடினம்தான், ஆனால் புரியாத மொழி இல்லை. வேறுபாடு முடிவில் இருக்கிறது. நம் கோர்வை எவ்வளவு சிக்கலாகப் போனாலும் பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்து சேர வேண்டும். வந்து சேரும் அந்தக் கணத்துக்காகத்தான் சபையில் தலை ஆடுகிறது. ஜாப்பாவுக்கு வந்து சேருவதில் அக்கறை குறைவு. முடிச்சைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் அதே உருப்படியை ஆட்டத்துக்கு ஏற்ற நேரான தாளத்தின் மேல் வைத்து இரண்டாவது வடிவமும் செய்தார். கணக்கு தெரியாதவரும் ஆட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்கிறது.

இப்போது சாட்சி. எல். சங்கர், 1950இல் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசைப் பேராசிரியர். 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்ரமணியமும் வயலின்தான். ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கும் ‘மால்குடி டேஸ்’ தொடருக்கும் இசையமைத்தவர் அந்த வைத்தியநாதன். சங்கர் 1969இல் அமெரிக்கா போனார், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், ஜான் மெக்லாலின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவைத் தொடங்கினார். (2024இல் கிராமி வாங்கிய ‘சக்தி’யில் இருந்த சங்கர் வேறு, அவர் பாடகர் சங்கர் மகாதேவன்.)

சக்தி கலைந்த 1978இல், அக்டோபர் 31ஆம் தேதி, நியூயார்க் பல்லேடியம் அரங்கு. அமெரிக்கர்கள் பேய் வேஷம் கட்டிக்கொள்ளும் ஹாலோவீன் இரவு. அந்த இரவில் கச்சேரி வைப்பது ஜாப்பாவுக்கு வழக்கம். மேடையில் சங்கரும் வயலினோடு நிற்கிறார். ஜாப்பா கூட்டத்தைப் பார்த்து, அடுத்த உருப்படி பதின்மூன்றில் போகிறது, கை தட்டுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார். முகத்தில் சாயம் பூசிய கூட்டம் எண்ணத் திணறுகிறது. பின்னர் சங்கரின் வில் கிளம்புகிறது. ‘தர்ட்டீன்’ என்ற பெயரிலேயே அந்தப் பதிவு 1992இல் வெளிவந்தது.

சங்கீர்ண ஜாதி திரிபுட தாளத்துக்கு ஒன்பதும் இரண்டும் இரண்டுமாகப் பதின்மூன்று அட்சரம். சுளாதி தாளப் பட்டியல் மனப்பாடமானவருக்கு அது ஒரு வரி. மருதமலைக்கும் பாடிய அருணகிரிநாதரின் சந்தங்களில் அரை அட்சரம் கலந்த கணக்கெல்லாம் உண்டு. கூட்டத்துக்கு ஜாப்பாவின் புதிர் விளங்கவில்லை; பக்கத்தில் நின்ற இளைஞருக்கு அது வீட்டுப் பாடம். அந்தப் பதிவில் கேட்க வேண்டியது இதுதான். வழக்கமாகத் தன் குழுவை விரல் நுனியில் ஆட்டிவைக்கும் ஜாப்பா, இங்கே ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்.

ஆனால் ஸ்டுடியோவுக்குள் போனதும் மீசை முறுக்கிக்கொண்டது. 1979இல் ஜாப்பா தயாரித்து, அவருடைய சொந்த நிறுவனமே வெளியிட்ட சங்கரின் ‘டச் மீ தேர்’ ஒரு விசித்திரமான தட்டு. வயலின் பறக்கிறது, டிரம்ஸில் சைமன் பிலிப்ஸ். மேலே ஏறுவதோ லண்டன் பெண்களைக் கேலி செய்யும் ஜாப்பாவின் வரிகள். அந்த வரிகள் உள்ள பாட்டை முதலில் வான் மாரிசன் பாடினார். நிறுவனச் சிக்கலில் அந்தக் குரலை வெளியிட முடியாமல் போனது. கடைசியில் ஜாப்பாவே புனைபெயரில் பாட வேண்டி வந்தது. தட்டை இன்று கேட்டால், விருந்தாளிக்குத் தலைவாழை இலை போட்டுவிட்டு, வீட்டுக்காரரே பேசிக்கொண்டிருக்கிற உணர்வு வருகிறது. ஜாப்பாவின் குறை முழுவதும் இந்த ஒரு தட்டில் தெரியும். நல்ல இசையைத் தனியாக விட்டால் யாரும் கேட்க மாட்டார்களோ என்று பயந்து, அதன் கையில் ஒரு ஜோக்கைத் திணித்துவிடுவார்.

சங்கர் அங்கே தங்கவில்லை. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் நான்கின் எல்லையையும் தொடும் பத்துத் தந்தி இரட்டை வயலினை வடிவமைத்தார். செய்து கொடுத்தவர் கிதார் தச்சர் கென் பார்க்கர். அதோடு 1980இல் பதிவு செய்த ‘ஹூஸ் டு நோ’வில் இருப்பது சுத்தமான ராகம் தானம் பல்லவி. மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன். நடத்துநர் என்று தட்டில் பெயர் போட்டிருப்பது அப்பா லட்சுமிநாராயணாவுக்கு. ‘பஞ்ச நடை பல்லவி’யில் ஒன்பதே முக்கால் அட்சரத் தாளத்துக்குப் போனார். ராக் மேடைக்குப் போனவர் கெட்டுப்போனார் என்று வருந்துகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டபின் வருந்தட்டும்.

கிறுக்கர் என்ற பட்டம் நமக்கும் புதிதல்ல. குருவே இல்லாமல் வீணை கற்று, ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களை வரவழைத்த எஸ். பாலசந்தர், பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை 1954இல் எடுத்தார். எண்பதுகளில், சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரர் இருந்தாரா என்றே கேட்டு வித்வான்களோடு சண்டை பிடித்தார். அவர் சண்டைகளை நினைவில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு அவர் வாசித்த ராகங்கள் நினைவில் இல்லை. ஜாப்பாவுக்கும் அதே கதி. 1985இல் அமெரிக்க செனட் விசாரணையில், இசைத்தட்டுகளில் எச்சரிக்கை ஒட்டுவதை எதிர்த்து அவர் பேசியது எல்லோருக்கும் தெரியும். செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் அரசு சிறையில் தள்ளிய ‘பிளாஸ்டிக் பீப்பிள்’ ராக் குழுவின் பெயரே அவர் பாட்டிலிருந்து வந்தது. அவர் 1990இல் பிராகா போனபோது அதிபர் ஹாவெல் அவருக்கு அரசுப் பதவியே கொடுக்கப் பார்த்தார். லித்துவேனியாவின் வில்னியஸில் 1995இல் சிலை வைத்தார்கள். சிலை வைக்கும் அளவுக்கு மரியாதை வந்துவிட்டால், பாட்டைக் கேட்கும் வேலை குறைந்துவிடுகிறது.

வாரிசுச் சண்டை தனிக்கதை. அப்பாவின் பெயரில் கச்சேரி செய்யும் உரிமை யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் மோதல் வந்தது. 2022இல் ஜாப்பாவின் இசைச் சொத்து மொத்தத்தையும் யுனிவர்சல் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

ராக்காரன் எழுதினால் அது சிம்பொனியா என்று லண்டனில் ஜாப்பாவைக் கேட்டார்கள். சினிமாக்காரர் எழுதினால் அது சிம்பொனியா என்று இங்கே இளையராஜாவைக் கேட்டார்கள். 1993இல் ராயல் பில்ஹார்மானிக்கோடு அவர் பதிவு செய்த சிம்பொனி வெளிவரவே இல்லை. அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் எவென்டிம் அப்போலோவில் அரங்கேறியது. அந்த அரங்கின் பழைய பெயர் ஹாமர்ஸ்மித் ஓடியன். 1978இன் தொடக்கத்தில் ஜாப்பா இரவு இரவாக வாசித்துப் பதிவு செய்த அதே மேடை.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ‘டச் மீ தேர்’இல் தொடங்க வேண்டாம். முதலில் ‘தர்ட்டீன்’, அடுத்து ‘ஹூஸ் டு நோ’, பிறகு ‘பிளாக் பேஜ்’இன் இரண்டு வடிவங்களும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், வரிகள் இல்லாத தட்டாகப் பார்த்துப் போடுங்கள்.