காய்ச்சல் மட்டுமே சொல்லும் செய்தி

பத்தாம் வகுப்பில் இரத்தம் பற்றிய பாடம் நடத்தும்போது, வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில்களே மிகுதி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அணுவுக்குப் போய்விடுகிறோம். விளையாடி விழுந்த மாணவனின் முழங்கால் புண் மறுநாள் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த அணுக்களுடையது. சீழ் என்பதே பெரும்பாலும் கிருமிகளோடு போராடி மடிந்த நியூட்ரோஃபில்கள்தாம்.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை 1500க்குக் குறைந்தால் அது நியூட்ரோபீனியா. 500க்கும் கீழே போனால், வாயிலும் குடலிலும் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளே இரத்தத்தில் புகுந்துவிடக்கூடும். இரத்தத்துக்கு வந்த நியூட்ரோஃபில் ஏறக்குறைய ஒரு நாள்தான் அங்கே இருக்கும். எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதியவற்றை அனுப்பியாக வேண்டும். அது தடைபட்டால் சில நாள்களில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

மருந்துகளே இதற்கு முக்கியக் காரணம். காய்ச்சலுக்கும் வலிக்கும் நம் வீடுகளில் தாராளமாகப் புழங்கிய அனால்ஜின், அரிதாக இந்த அணுக்களை அடியோடு அழித்துவிடும். அமெரிக்கா 1977இல் அதைத் தடை செய்தது. இந்தியாவில் 2013 ஜூனில் விற்பனை நிறுத்தப்பட்டு, 2014 பிப்ரவரியில் நிபந்தனைகளோடு தடை விலக்கப்பட்டது. நமக்கும் ஒரு சொல்: தைராய்டு மிகைச் சுரப்புக்குக் கார்பிமசோல் சாப்பிடும் ஆசிரியருக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால், வகுப்பில் கத்திய வலி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் சென்று இரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில் நாம் சந்திக்கக்கூடியது இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையை. சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். இடையில் பள்ளிக்கு வரும். அதனிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. தொற்று வந்தால் பாதிக்கப்படப்போவது அந்தக் குழந்தைதான். வீங்கவும் சீழ் பிடிக்கவும் அணுக்கள் இல்லாததால் புண்கூடச் சாதுவாகத் தெரியும். பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. அதையும் பாரசிட்டமால் கொடுத்து நாமே மறைத்துவிடக் கூடாது. வெப்பமானி 100.4 பாரன்ஹீட் காட்டினால் மாலை மணி அடிக்கும்வரை படுக்க வைக்காமல், உடனே பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கு போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற வேண்டும் என்பது மருத்துவ விதி. சிம்மக்கல் பள்ளிக்கு வைகைப் பாலத்தைக் கடந்தால் அரசு இராஜாஜி மருத்துவமனை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கு அப்படியில்லை. பேருந்துக்குக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

உணவில் அச்சம் அளவோடு போதும். 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் சூடான பொங்கலும் உப்புமாவும் இக்குழந்தைக்கும் ஏற்றவையே. வாசலில் நறுக்கி விற்கும் மாங்காயும் வெள்ளரியும்தான் வேண்டாம்.

இன்னொன்று அம்மை. வீட்டில் வேப்பிலை கட்டிய பிறகும் பள்ளிக்குச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். ஆகவே வகுப்பில் ஒருவருக்கு அம்மை போட்டிருப்பது காதில் விழுந்த அன்றே, சிகிச்சையிலிருக்கும் குழந்தையின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தொற்றைத் தடுக்கும் மருந்துக்கு நாள் கணக்கு உண்டு.